அரிதான சுங்கான் புகையிலைக் கலவைகள் கேட்கும் விலைக்குத் தகுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் யாருக்காக?

ஏற்கெனவே சுங்கான் புகைக்கும், 21 வயதைக் கடந்த, கொழும்பிலும் அதனை அண்டியும் வாழும் தமிழ் வாசகர்களுக்காக. பென்சான்ஸ், ஸ்டோன்ஹேவன் போன்ற பெயர்களைக் கேள்விப்பட்டு, அவற்றைத் தேடிப் பிடிக்கச் செலவாகும் பணமும் நேரமும் தகுமா என்று கேட்பவர்களுக்கு இங்கே பதில் சொல்லப்படுகிறது. புகைக்காத ஒருவர் இதைப் படித்துத் தொடங்க வேண்டும் என்பது நோக்கமன்று. சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுக்காவிட்டாலும், உதடு, வாய், தொண்டை, உணவுக்குழாய் ஆகியவற்றில் புற்றுநோய் ஏற்படும் ஆபத்தை அது கூட்டுகிறது; நிக்கொட்டின் மனிதரை அடிமையாக்குகிறது. விலை கூடிய கலவை, அரிய கலவை என்பதற்காக உடம்பு எந்தச் சலுகையும் தருவதில்லை.

அரிதான கலவைகள் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

பெரும்பாலும் நான்கு வகையானவற்றை. முதலாவது, இன்றும் உற்பத்தியாகின்ற, ஆனால் கடைக்கு வந்த சில மணி நேரத்திலேயே தீர்ந்துபோகின்ற கலவைகள். எசோடெரிக்கா பெயரில் வரும் பென்சான்ஸும் ஸ்டோன்ஹேவனும் இதற்கு முதன்மையான உதாரணங்கள். இவற்றை ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஜேர்சித் தீவில், 1820இல் தொடங்கிய ஜே. எஃப். ஜேர்மேன் என்ற குடும்ப நிறுவனம் தயாரிக்கிறது. இரண்டாவது, தயாரித்தவரே தொழிலை மூடிவிட்டதால் இனி வராதவை. அமெரிக்காவின் கான்சாஸ் நகரில் இயங்கி 2018இல் மூடப்பட்ட மெக்கிளெலண்டின் கலவைகள் இதில் அடங்கும். மூன்றாவது, வேண்டுமென்றே சிறு தொகையாகத் தயாரித்து ஆண்டுக்கு ஒரு முறை வெளியிடப்படுபவை. நான்காவது வகைதான் வேடிக்கையானது: ஒரு நாட்டில் தட்டில் தூசி படிந்து கிடக்க, இன்னொரு நாட்டில் தங்கமாகத் தேடப்படுபவை. இங்கிலாந்தின் கெண்டல் நகரில் 1792ஆம் ஆண்டிலிருந்து தொழில் நடத்தும் சாமுவேல் கவித் நிறுவனத்தின், அழுத்தித் துண்டாக வெட்டிய ஃபுல் வேர்ஜினியா ஃபிளேக் அப்படிப்பட்டது. இலண்டனில் நல்ல கடை ஒன்றுக்குள் நுழைந்தால் கேட்டு வாங்கலாம். அமெரிக்காவில் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

நிறுவனங்கள் வேண்டுமென்றே பற்றாக்குறையை உண்டாக்குகின்றனவா?

சிறுதொகை வெளியீடுகளைப் பொறுத்தவரை ஆம் என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே பற்றாக்குறை வியாபாரத் திட்டத்தின் ஒரு பகுதி, அதை அவர்கள் ஒளிப்பதும் இல்லை. ஆனால் ஜேர்சியையும் கெண்டலையும் அந்தக் கணக்கில் சேர்ப்பது நியாயமன்று. அவை பழைய அழுத்திகளையும் வெட்டு இயந்திரங்களையும் கொண்டு, சில கைகளால் நடக்கின்ற தொழிற்சாலைகள். இலையை ஆவியில் நனைத்து, அழுத்தி, கட்டியாக்கி, நாட்கணக்கில் அப்படியே வைத்திருந்து, பிறகு துண்டாக வெட்டும் முறையில் அவசரப்படுத்துவதற்கு அதிக இடமில்லை. இன்னோர் அழுத்தியை வாங்கிப் போட்டு உற்பத்தியை இரட்டிப்பாக்குவது சொல்வதற்கு எளிது; ஆண்டுதோறும் புகைப்போர் தொகை குறைந்துவரும் ஒரு தொழிலில் அந்த முதலீட்டைச் செய்ய எந்தக் குடும்பமும் யோசிக்கும்.

இதற்கு மேல் சட்டமும் உண்டு. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2016 ஓகஸ்ட் முதல் சுங்கான் புகையிலையையும் தன் கட்டுப்பாட்டின்கீழ் கொண்டுவந்து, 2007 பெப்ரவரி 15க்குப் பிறகு சந்தைக்கு வந்த பொருட்களுக்கு அனுமதி பெற வேண்டும் என்று விதித்தது. பெரிய நிறுவனங்களே தயங்கிய இடத்தில் சிறிய நிறுவனங்கள் இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்று இருந்துவிட்டன. பிறகு பெரியவை ஒன்றையொன்று விழுங்கத் தொடங்கின. 2024இல் ஸ்கண்டினேவியன் டொபாக்கோ குழுமம் டென்மார்க்கின் மக் பாரனை வாங்கியபோது, மக் பாரனுக்குச் சொந்தமாயிருந்த, 1849இல் தொடங்கிய அமெரிக்கச் சட்லிஃப் நிறுவனமும் அதனுடன் சேர்ந்து போனது. அதன் ரிச்மண்ட் தொழிற்சாலையை மூடுவதாக அறிவிப்பும் வந்தது. நேற்று வரை எவரும் திரும்பிப் பார்க்காத சட்லிஃப் கலவைகளை மறுநாளே பெட்டி பெட்டியாக அள்ளினார்கள். புகையிலை மாறவில்லை, இனி வராது என்ற செய்தி மட்டுமே புதிது.

அப்படியென்றால் அரிது என்பது முழுக்கப் பொய்யா?

இல்லை. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இந்த வேறுபாட்டை வையுங்கள்: இலை அரிதாக இருப்பது வேறு, பேணி அரிதாக இருப்பது வேறு. பேணி அரிதாவதற்குக் காரணம் விநியோகம், முத்திரை, வதந்தி. இலை அரிதாவதற்குக் காரணம் மண்ணும் உழைப்பும். பின்னதற்குக் கூடுதலாகப் பணம் கொடுப்பதில் பொருள் இருக்கிறது.

லட்டாக்கியாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலக் கலவைகளுக்கு அந்தக் கரிய நிறத்தையும் விறகுப்புகை வாசனையையும் கொடுப்பது அதுதான். பெயர் சிரியாவின் துறைமுக நகரிலிருந்து வந்தது. வெயிலில் உலர்ந்த இலையை மூடிய கொட்டகைக்குள் தொங்கவிட்டு, நறுமண மரங்களையும் செடிகளையும் எரித்துப் புகையூட்டி, இலை கரியாகத் தோன்றும்வரை விடுவார்கள். சிரிய லட்டாக்கியா சந்தையிலிருந்து ஏறத்தாழ மறைந்துவிட்டது. இப்போது நாம் புகைப்பது சைப்பிரஸ் வகையைச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றல்ல. சைப்பிரஸ் வகை கனமும் இனிப்பும் கொண்டது. சிரிய வகையில் ஒரு மெல்லிய புளிப்பும் காரமும் உண்டு. எனவே பழைய சிரிய லட்டாக்கியா உள்ள மூடிய பேணி ஒன்றுக்கு ஒருவர் கூடிய விலை கொடுத்தால், அவர் இன்று வேறெங்கும் கிடைக்காத ஒன்றையே வாங்குகிறார்.

பெரிக்கும் அப்படித்தான். லூசியானாவின் சென்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில் மிகச் சிறிய நிலப்பரப்பில் விளையும் இலையை, விஸ்கி இருந்த ஓக் பீப்பாய்களில் அடைத்து, திருகு அழுத்தியால் நெருக்கி, இடையிடையே எடுத்துக் காற்றாடவிட்டு மறுபடியும் அடைத்து, ஏறத்தாழ ஓராண்டு தன் சாற்றிலேயே புளிக்க விடுகிறார்கள். மூடியைத் திறந்தால் கொடிமுந்திரி வற்றலும் மிளகும் சேர்ந்த வாசனை எழும். 1990களின் இறுதியில் இதைப் பயிரிடுவோர் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்து, தொழிலே அழியும் நிலைக்கு வந்தது. ஆனாலும் எஸ்குடோ போன்ற, ஓரளவு சாதாரணமாகக் கிடைக்கும் கலவைகளிலேயே பெரிக் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். இலை அரிதாக இருந்தும் பேணி மலிவாக இருக்கலாம். இந்த வகைதான் வாங்குபவருக்கு உண்மையான இலாபம்.

மெக்கிளெலண்ட், இலை அரிதாவதற்கும் பேணி அரிதாவதற்கும் நடுவில் நிற்கிறது. தாங்கள் கேட்கும் தரத்தில் இலை இனிக் கிடைப்பதில்லை என்பதை நிறுவனத்தை மூடுவதற்கான காரணங்களில் ஒன்றாக அவர்களே சொன்னார்கள். அவர்களுடைய சிவப்பு வேர்ஜினியா என்ற இனிப்பு இலைப் பேணியைத் திறந்தவுடன் மூக்கில் ஏறும் வினாகிரி வாசனையைப் பலர் கேலி செய்தார்கள். இப்போது அதே வாசனைக்காக ஏங்குகிறார்கள்.

பென்சான்ஸும் ஸ்டோன்ஹேவனும் சுவையில் உண்மையிலேயே உயர்ந்தவையா?

இரண்டுமே நல்ல கலவைகள். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

பென்சான்ஸ், வேர்ஜினியாவும் கிழக்கத்திய இலைகளும் சைப்பிரஸ் லட்டாக்கியாவும் சேர்த்து அழுத்தி வெட்டப்பட்டது. பையைப் பிரித்தால் தடித்த, கருமையான துண்டுகள் இருக்கும். அவை வில்லைபோல மடியாமல் விரல் பட்டவுடன் உதிரும். அந்த உதிர்வுதான் அதன் பாதி இன்பம்: சுங்கானை நிரப்புவது எளிது, முதல் தீக்குச்சியிலேயே பற்றும், கடைசிவரை சீராக எரியும். லட்டாக்கியா முன்னால் வந்து கத்துவதில்லை; அழுத்தத்தில் எல்லா இலைகளும் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால், எது எங்கே முடிகிறது என்று பிரித்துச் சொல்வது கடினம்.

ஸ்டோன்ஹேவன் வேறு வகை. பேர்லி என்ற சர்க்கரை குறைந்த இலையும் வேர்ஜினியாவும் கொண்ட, கபில நிறமான, நீளமான மெல்லிய துண்டுகள். கொக்கோவையும் உலர்ந்த பழத்தையும் நினைவூட்டும் ஓர் ஆழ்ந்த இனிப்பு உண்டு. ஈரமாகவே வரும், காய வைக்காமல் நிரப்பினால் அணைந்து அணைந்து வெறுப்பேற்றும்.

இனி உயர்ந்தவையா என்ற கேள்விக்கு வருவோம். பென்சான்ஸை அதே வகையைச் சேர்ந்த, கேட்டால் கிடைக்கும் ஒரு கலவையோடு பக்கத்தில் வைத்து, பெயர் தெரியாமல் புகைத்தால், அனுபவமுள்ள ஒருவர் வேறுபாட்டை உணர்வார். ஆனால் நான்கு மடங்கு விலை எதற்கு என்பதை அந்த வேறுபாட்டிலிருந்து அவரால் கண்டுபிடிக்க முடியாது. தரத்தில் ஒரு படி மேலே இருக்கலாம். அந்தப் படிக்கு மேல் உள்ள விலை முழுவதும் தேடியதற்கான கூலி. தேடுவதில் இன்பம் காண்பவர் அந்தக் கூலியை மனமாரக் கொடுக்கலாம், அது அவர் பணம். புகைப்பதற்கு மட்டும் வாங்குபவர் அதைக் கொடுக்கத் தேவையில்லை.

பிறகு ஏன் எல்லோரும் ஒரே குரலில் புகழ்கிறார்கள்?

யார் புகழ்கிறார்கள் என்று பாருங்கள். மூன்று மாதம் காத்திருந்து, கூடிய விலை கொடுத்து, கடல் கடந்து தருவித்த ஒருவர், சுங்கானை வாயில் வைக்கும்போதே பாதி முடிவு எடுத்துவிட்டார். பிடிக்கவில்லை என்று எழுதுவது தன் பணத்தைத் தானே பழிப்பது போலாகும். பிடிக்காமல்போன சிலர் மிச்சத்தை நல்ல விலைக்கு விற்றுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்கள்; விற்கப்போகும் பொருளை எவர் குறை சொல்வார்? இன்னும் பலர் பேணியைத் திறப்பதே இல்லை. அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு, அது அங்கே இருக்கிறது என்பதையே புகழ்கிறார்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அரிதானது என்பதற்காகவே இகழ்பவர்களும் சம அளவில் நம்பத்தகாதவர்கள்.

பெயர் மாறினால் சுவையும் மாறிவிடுமா? டன்ஹில் பழைய பேணிகளை அதிக விலைக்கு வாங்கலாமா?

டன்ஹில் கதையைச் சற்று விரிவாகச் சொல்வது நல்லது, ஏனென்றால் கொழும்பில் மூத்தவர்கள் பலருக்கு அறிமுகமான பெயர் அதுதான். அந்தப் பெயரில் சுங்கான் புகையிலை விற்பதைப் பிரித்தானிய அமெரிக்கப் புகையிலை நிறுவனம் நிறுத்தியபோது, 2018 அளவில் கடைகளில் எஞ்சியிருந்த பேணிகளை மக்கள் பதறியடித்து வாங்கினார்கள். ஏர்லி மோர்னிங் பைப், நைட்கப், எலிசபீதன் மிக்ஸ்சர் எல்லாம் ஒரே இரவில் பொக்கிஷங்களாகின. ஆனால் அவற்றை அதுவரை டென்மார்க்கில் தயாரித்துவந்தவர்களே, அடுத்த ஆண்டு பீற்றர்சன் என்ற பெயரில் அதே கலவைகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள். பேணியின் மேலுள்ள பெயர் மட்டும் மாறியிருந்தது. அந்தக் கடைசிக்கால டன்ஹில் பேணி ஒன்றுக்கு இரட்டிப்பு விலை கொடுப்பவர், தகரத்தில் அச்சடித்த ஒரு சொல்லுக்குத்தான் பணம் கொடுக்கிறார். டன்ஹில் கடையே கலந்து விற்ற, பல பத்தாண்டுகள் பழைமையான பேணி என்றால் அது வேறு பொருள், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எதிர்மாறாக நடப்பதும் உண்டு. திரீ நன்ஸ் என்ற பெயர் இன்றும் இருக்கிறது, ஆனால் உள்ளே இருந்த பெரிக் போய், அதன் இடத்தில் புகையூட்டிய கென்டக்கி இலை வந்துவிட்டது. பெயர் நிலைத்துப் பொருள் மாறிய இத்தகைய இடத்தில், பழைய பேணியைத் தேடுபவருக்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆகவே எதையும் வாங்கும் முன், பெயரையல்ல, எந்த ஆண்டில் எந்தத் தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்டது என்பதைக் கேளுங்கள். அதற்குப் பதில் தெரியாத விற்பனையாளரிடம் பழம்பொருள் விலை கொடுக்க வேண்டாம்.

நாட்பட்ட புகையிலை எப்போதுமே சிறந்ததா?

வேர்ஜினியா சிறக்கும். அதில் சர்க்கரை அதிகம். மூடிய பேணிக்குள் ஆண்டுகள் செல்லச் செல்லப் புல்வாசனை தணிந்து, பழ இனிப்பு ஏறி, நாக்கைச் சுடும் குணம் குறைகிறது. ஐந்து ஆண்டில் நல்ல மாற்றம் தெரியும். லட்டாக்கியா அப்படியன்று. அதன் புகைவாசனை காலப்போக்கில் மங்குகிறது. இளமையில் இருந்த முறுக்கை விரும்புபவருக்கு இருபது ஆண்டுப் பேணி ஏமாற்றமாகவே இருக்கும். வாசனைத் திரவம் ஏற்றிய கலவைகளைச் சேமித்து வைப்பதில் பயனில்லை.

ஒரு சாதாரண வேர்ஜினியாவை வாங்கி ஐந்து ஆண்டு வைத்திருந்தால் அது பல அரிய கலவைகளைத் தோற்கடிக்கும். இதைச் செய்வதற்குப் பொறுமையைத் தவிர எதுவும் தேவையில்லை; அதனால்தானோ என்னவோ மிகச் சிலரே செய்கிறார்கள்.

கொழும்பின் காலநிலையில் அவற்றைச் சேமித்து வைக்க முடியுமா?

முடியும், ஆனால் குளிர்நாட்டு அறிவுரைகளை அப்படியே பின்பற்றினால் கெட்டுவிடும். அங்கே புகையிலை காய்ந்துபோகும் என்று அஞ்சுகிறார்கள். இங்கே காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கு மேல். நாம் அஞ்ச வேண்டியது பூஞ்சணத்துக்கும் துருவுக்கும்.

முதலில் துரு. வெள்ளவத்தையிலோ பம்பலப்பிட்டியிலோ காலி வீதிக்குக் கடற்பக்கமாக இருக்கும் வீடுகளில் யன்னல் கம்பிக்கும் மின்விசிறிக்கும் நேர்வது பேணிக்கும் நேரும். மூடியின் விளிம்பு மடிப்பில் முதலில் செம்மண் நிறத்தில் ஒரு புள்ளி தோன்றும். அதைத் துடைத்துவிட்டால் போய்விட்டது என்று நினைப்போம். உட்பக்கத்தில் ஈரமான புகையிலையும் அதன் அமிலமும் அதே இடத்தை அரித்துக்கொண்டிருக்கும். ஒரு நாள் ஊசித்துளை விழும், காற்று புகும், அரிய கலவை சருகாகும் அல்லது பூக்கும். சாமுவேல் கவித்தின் நீள்சதுரப் பேணிகள் இதில் பெயர்போனவை. அவற்றின் மூடி எவரும் தொடாமலேயே காற்று விடும். வட்டமான, அழுத்தி மூடிய பேணிகள் கூடுதல் காலம் தாங்கும். எப்படியானாலும், கடலோர வீட்டில் பத்து ஆண்டு வைப்பதற்கென்று தகரப் பேணியை நம்பாதீர்கள். வாங்கியவுடன் திறந்து, இறப்பர் வளையமுள்ள கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றிவிடுவதே நல்லது. பேணியாக மறுபடி விற்கும் எண்ணம் இருந்தால் இதைச் செய்ய மனம் வராது. அந்த எண்ணத்தை முதலிலேயே விட்டுவிட்டால் புகையிலை பிழைக்கும்.

போத்தல் புதியதாக இருக்கட்டும். ஊறுகாய் இருந்த போத்தலை எத்தனை முறை கழுவினாலும் மூடியின் இறப்பரில் வாசனை நிற்கும். ஒரு பெரிய போத்தலைவிடப் பல சிறியவை நல்லவை, ஏனென்றால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொழும்புக் காற்று உள்ளே போகிறது. வெயில் படாத அலமாரியின் கீழ்த்தட்டு போதும். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். அதன் மேலேயும் வைக்க வேண்டாம், அங்கே இடைவிடாத சூடு இருக்கும்.

புகைப்பதற்கு முன் காய வைப்பதிலும் கவனம் வேண்டும். கெண்டல் துண்டுகள் நனைந்த துணிபோல ஈரமாக வருபவை. மழைநாளில் அவற்றைத் தட்டில் விரித்துவைத்தால் காய்வதற்குப் பதிலாக இன்னும் ஈரத்தை வாங்கும். குளிரூட்டி ஓடும் அறையில் ஒரு மணி நேரம் வைத்தால் போதுமானது. விரலால் கிள்ளினால் கட்டியாக ஒட்டாமல், நொறுங்கவும் செய்யாமல் மெல்ல விரிய வேண்டும்.

போத்தலில் வெண்மையாக ஏதோ தெரிகிறது. எறிந்துவிடவா?

சீனித் தூள்போல மின்னினால் அது நாட்பட்ட வேர்ஜினியாவில் படியும் பளிங்கு, பயப்பட வேண்டாம். பஞ்சுபோல நூல்விட்டிருந்தால், அல்லது மூடிய அறையின் முடைநாற்றம் அடித்தால், பூஞ்சணம். முழுப் போத்தலையும் எறிந்துவிடுங்கள், அது பென்சான்ஸாக இருந்தாலும்.

கொழும்பில் இவை எங்கே கிடைக்கும்?

கடைத் தட்டில் இவற்றை எதிர்பார்க்க வேண்டாம். புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகாரசபையை நிறுவிய 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் புகையிலை விற்பதையும், புகையிலை விளம்பரத்தையும் தடைசெய்கிறது. மூடிய பொது இடங்களில் புகைப்பதும் குற்றம். எனவே புதிய சரக்கு வந்தது என்று எந்தக் கடைக்காரரும் பலகை எழுதி வைக்க முடியாது. பெரும்பாலானோர் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரையே நம்பியிருக்கிறார்கள்.

அப்படிச் சொல்லிவிடும்போது எந்த நாட்டு உறவினரிடம் எதைக் கேட்பது என்பதைத் தெரிந்து கேளுங்கள். இலண்டனிலுள்ள சித்தப்பாவிடம் எசோடெரிக்கா கேட்டால் அவர் வீணாக அலைவார். அது பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்கே போகிறது. அவரிடம் கெண்டல் துண்டுகளைக் கேளுங்கள், வரி கூடினாலும் கிடைக்கும். அவுஸ்திரேலியாவிலும் கனடாவிலும் உள்ளவர்களைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது புண்ணியம். அங்கே புகையிலை வரி மிகக் கடுமையானது, பேணியும் முத்திரை எதுவுமில்லாத மங்கிய பொதியில்தான் வரும். எங்கிருந்து வந்தாலும், வருபவர் புறப்படும் முன் இலங்கைச் சுங்கத்தின் நடப்பு விதிகளைப் பார்த்துக்கொண்டு, கட்டுநாயக்காவில் இறங்கியதும் அறிவித்துவிட வேண்டும். ஒரு பேணிப் புகையிலைக்காக அத்தையைச் சுங்க அதிகாரியின் முன் நிறுத்துவது அழகன்று.

எவ்வளவு கொடுக்கலாம்?

ஒரு முறை நிரப்ப ஏறத்தாழ இரண்டரை கிராம் என்று வைத்தால், 50 கிராம் பேணி 20 முறைக்கு வரும். விற்பவர்கள் இந்தக் கணக்கைச் சொல்லித்தான் மனத்தைக் கரைப்பார்கள்: இருபதால் பிரித்தால் எந்த விலையும் சிறிதாகத் தெரியும். அதே கணக்கை மறுபக்கமாகப் போடுங்கள். கேட்கும் விலைக்கு எத்தனை பேணி சாதாரண நல்ல கலவை வாங்கலாம், அதில் எத்தனையை ஐந்து ஆண்டுக்கு எடுத்து வைக்கலாம்?

உற்பத்தியில் இருக்கும் கலவை ஒன்றுக்கு அதன் வழக்கமான கடைவிலையில் இரண்டு மடங்கு வரை, தருவிக்கும் செலவையும் சேர்த்து, கொடுப்பது நியாயம் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனால் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு பேணியை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். ஐந்து முறை புகைத்தால் ஒரு கலவை உங்களுக்குப் பிடிக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மீதி பதினைந்தும் வேறொருவருக்குப் போவதில் இழப்பில்லை.

முதல் தடவை புகைக்கும்போது சோளப்பொத்தியின் நடுத்தண்டில் செய்த சுங்கான் ஒன்றைப் பயன்படுத்துங்கள். விலை குறைவு, பழைய வாசனை இருக்காது. லட்டாக்கியா ஒரு முறை மரச் சுங்கானில் ஏறினால் எளிதில் இறங்காது. நேற்றைய புகையின் மேல் இன்றைய அரிய கலவையை வைத்து எடைபோடுவது நியாயமான சோதனையன்று.

அவற்றுக்குப் பதிலாக எதை வாங்கலாம்?

பென்சான்ஸின் இடத்தில் சியாட்டில் பைப் கிளப்பின் பிளம் புடிங்கை வையுங்கள். அதே குடும்பம், லட்டாக்கியாவும் கிழக்கத்திய இலையும் அழுத்திய கட்டி. ஃபுல் வேர்ஜினியா ஃபிளேக்குக்கு மாற்றாக ஓர்லிக் கோல்டன் ஸ்லைஸ்டும் கப்ஸ்டன் நீலமும் உண்டு. இரண்டும் அதைவிட வெளிர்ந்தவை, ஆழம் சற்றுக் குறைவு. ஆனால் காய வைக்கும் தொல்லை இல்லை. பெரிக் வேண்டுமானால் எஸ்குடோ. ஸ்டோன்ஹேவனுக்கு மட்டும் நேரான மாற்று என்று எதையும் என்னால் மனம் ஒப்பிச் சொல்ல முடியவில்லை. இந்தப் பட்டியலில் கூடிய விலையைக் கேட்க ஓரளவேனும் உரிமையுள்ளது அதுதான்.

யாழ்ப்பாணப் புகையிலையைச் சுங்கானில் புகைக்கலாமா?

அடிக்கடி வரும் கேள்வி, பெரும்பாலும் பாதி விளையாட்டாகக் கேட்கப்படுவது. கிணற்று நீர் இறைத்து வளர்த்து, போறணையில் தென்னம் பொச்சுப் புகையூட்டி, கோடா என்ற பாகு போட்டுச் சுருட்டாகச் சுற்றுகிறார்கள். யாழ்ப்பாண இலை திருவிதாங்கூர்வரை ஏற்றுமதியான காலம் உண்டு. தெற்கெங்கும் நம்மவர்கள் சுருட்டுக்கடை வைத்திருந்த காலமும் உண்டு. செய்முறையில் அது லட்டாக்கியாவுக்குத் தூரத்து உறவு. ஆனால் காரம் மிக அதிகம், இனிப்பு மிகக் குறைவு. தனியாகச் சுங்கானில் நிரப்பினால் தலை சுற்றும். நிரப்புவதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கலக்க வேண்டாம். வேர்ஜினியாவோடு அந்த அளவில் சேர்த்தால் கென்டக்கி கலந்ததுபோன்ற ஓர் உறைப்புக் கிடைக்கும். தருவிக்கும் கலவைகளின் வரலாற்றை மனப்பாடமாகச் சொல்பவர்கள், நம்மூர் இலை எந்தக் கொட்டிலில் எப்படிப் பதமாகிறது என்று ஒரு முறையேனும் கேட்டுப் பார்ப்பதில்லை என்பது எனக்குள்ள சிறு மனத்தாங்கல்.

மெக்கிளெலண்ட் பேணி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. திறப்பதா, விற்பதா, வைத்திருப்பதா?

மூடியின் நடுவை அழுத்திப் பாருங்கள், விளிம்பைச் சுற்றித் துருவைத் தேடுங்கள், காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே சருகுபோலக் கலகலத்தால் காற்று எப்போதோ புகுந்துவிட்டது. அதை விற்பது மோசடி, வைத்திருப்பது வீண். மூடி இறுக்கமாகவும் உள்ளே அசைவு கனமாகவும் இருந்தால், அது வேர்ஜினியாவா லட்டாக்கியாக் கலவையா என்று பாருங்கள். ஃபுரொக் மோர்ட்டன் போன்ற லட்டாக்கியாக் கலவையென்றால் இனி வைத்திருப்பதால் மங்குமே தவிரக் கூடாது. இந்த மாதமே திறவுங்கள். கிறிஸ்மஸ் சியர் போன்ற வேர்ஜினியாவென்றால் இன்னும் சில ஆண்டுகள் தாங்கும், கடலிலிருந்து தள்ளியுள்ள வீடாக இருந்தால். திறந்த பிறகு வினாகிரி வாசனைக்கு அஞ்சாமல் அரை மணி நேரம் காற்றாட விட்டு, மிச்சத்தை அன்றே போத்தலில் அடைத்து, திறந்த திகதியை ஒட்டிவிடுங்கள்.